பதினான்காவது படம்

முழுக்கக் கேளுங்கள். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன்; அதுவரை யார் பக்கமும் சாய்ந்துவிடாதீர்கள்.

தூத்துக்குடிக்கு வெளியே இறால் உரிக்கும் கம்பெனி ஒன்றில், காலை ஷிப்ட்டின்போது குளிரூட்டும் குழாய் வெடித்து அமோனியா பரவியது. பெண்கள் பின்வாசலுக்கு ஓடினார்கள். அங்கே கிரில் கேட் வெளியிலிருந்து பூட்டியிருந்தது. இறால் திருடுபோகக் கூடாதென்று முதலாளி செய்திருந்த ஏற்பாடு. ஏழு பேர் இறந்தார்கள்.

பக்கத்து உப்பளத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜெபசீலிதான் முதலில் ஓடி வந்தாள். எல்லோரும் செல்போனுக்கு மாறிய பிறகும் ஃபிலிம் கேமராவிலேயே வேலை செய்கிறவள். பூட்டைக் கல்லால் அடித்துப் பார்த்தாள், உடையவில்லை. ஆட்கள் கடப்பாரை தேடி ஓடிய நேரத்தில் கம்பிகளுக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு படம் எடுத்தாள். அந்த ரோலில் அது பதினான்காவது. முன்னால் பூட்டு, அதை ஒட்டி, கம்பியைப் பிடித்தபடி சரிந்து கிடந்த முத்துப்பேச்சி, அவளுக்குப் பின்னால் மற்ற ஆறு பேர். முத்துப்பேச்சிக்குப் பத்தொன்பது வயது. மூச்சுத் திணறியதில் உடைகளைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

கடப்பாரையால் பூட்டை உடைத்ததும் அவளுடைய அப்பா பிச்சையா வந்து மகள் மேல் துண்டைப் போர்த்தினார். பிறகு ஜெபசீலியின் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

“இந்தக் கோலத்துல எம்பிள்ளைய யாரும் பாக்கக் கூடாதும்மா.”

“பாக்க மாட்டாங்க. சத்தியம்,” என்றாள் அவள்.

மாலைக்குள் பூட்டைக் காணவில்லை. கேட் திறந்தேதான் இருந்தது என்றது கம்பெனி. பிழைத்தவர்களில் ஒருத்தியான செண்பகவல்லி, கூட்டத்தில் யாரோ செல்போனில் எடுத்த பூட்டின் படத்தை விசாரணை அதிகாரியிடம் கொண்டுபோனாள். இதைக் கம்ப்யூட்டரில் இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம் என்றார் கம்பெனி வக்கீல். அதிகாரியால் மறுக்க முடியவில்லை. ஃபிலிமில் எடுத்தது இருந்தால், எதையும் வெட்டாமல் முழு நெகட்டிவாகக் கொண்டுவரச் சொன்னார்.

செண்பகவல்லி ஜெபசீலியைத் தேடிப் போனாள். ஆனால் அவள் அந்த ரோலைக் கழுவாமலேயே பிச்சையாவிடம் கொடுத்துவிட்டிருந்தாள். இனி முடிவு அவருடையது என்றாள்.

பிச்சையா தர மறுத்தார். அழிக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. ஃபிலிமை உருவி வெயிலில் காட்டினால் போதும். ஆனால் மகளுடைய கடைசி உருவம் அதற்குள் இருந்தது. அலமாரியில், அவள் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்.

இதற்கிடையே கம்பெனி மறுபடி திறந்தது. புதுப் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். பின்வாசலில் புதுப் பூட்டு ஏறியது.

செண்பகவல்லி மீண்டும் பிச்சையா வீட்டுக்குப் போனாள்.

“அண்ணாச்சி, அந்த கேட்டுக்குள்ள இப்ப முப்பது பிள்ளைங்க நிக்குது,” என்றாள்.

வாயு தாக்கிய நாளிலிருந்து விடாத இருமல் அவளைப் பிடித்தது. அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் ரோல் அவள் மடியில் இருந்தது.

ஊரில் இன்னும் ஃபிலிம் கழுவுகிறவர் ஞானதுரை ஒருவர்தான். திருடிக்கொண்டு வந்ததை அவரிடம் அவள் மறைக்கவில்லை.

“கழுவித் தாரேன். ஆனா நான் பாக்க மாட்டேன்,” என்றார். அப்படியே செய்தார். காய்ந்ததும் சுருட்டி உறையிலிட்டுக் கொடுத்துவிட்டார்.

நெகட்டிவை நிபுணர்கள் ஒப்புக்கொண்டார்கள். முதலாளி சிறைக்குப் போனார். சுற்றுவட்டாரக் கம்பெனிகள் எல்லாவற்றிலும் பின்வாசல் பூட்டுகள் கழன்றன. ஆனால் அதிகாரியிடம் மூடிய உறையில் கொடுத்த படம் எப்படியோ யாரோ ஒருவர் செல்போனுக்குப் போய், ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. டீக்கடையில் பக்கத்தில் நின்றவன் கையில் பிச்சையா தன் மகளைப் பார்த்தார். அதன்பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை.

கொடுத்த சத்தியத்துக்காக ரோலை அப்பாவிடமே ஒப்படைத்தாள் ஜெபசீலி. அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போனாள் செண்பகவல்லி. ஞானதுரை பார்க்காமல் கழுவிக் கொடுத்தார். சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: செண்பகவல்லி. ஒரு பெண்ணின் மானத்துக்காகச் சத்தியம் செய்ய ஜெபசீலிக்கு உரிமை உண்டு. மற்ற ஆறு பேரின் சாட்சியையும் சேர்த்து ஒருவர் கையில் கொடுத்துவிட உரிமை இல்லை. பாரத்தை அந்தத் தகப்பன் தலையில் இறக்கிவிட்டு அவள் விலகிக்கொண்டாள். பார்க்காதவரை தனக்கு இதில் பங்கில்லை என்று ஞானதுரை நினைத்துக்கொண்டார். செண்பகவல்லி மட்டுமே, தான் செய்வது திருட்டு என்று தெரிந்து செய்தாள். ஞாயிறுதோறும் பிச்சையா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவர் கதவைத் திறப்பதில்லை. திறக்கச் சொல்லி அவளும் கேட்பதில்லை.