பதில் கொம்பு

இந்தக் கதையைக் கேட்பவர்கள் நடுவில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அவசரப்பட்டுச் சொன்னவர்கள் எல்லாரும் முடிவில் பேச்சை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

வெண்ணாவல் என்றொரு ஊர். ஊருக்கு மேலே பெரிய ஏரி, கரைக்கு நேர் கீழே வீடுகள். ஏரி நிரம்பிக் கரை உடைந்துவிடாமல் இருக்க ஓரத்தில் ஒரு கலிங்கு உண்டு. அதன் பலகைகளை எடுத்தால் மிஞ்சிய நீர் ஓடை வழியாக வெளியேறிவிடும். அந்த ஓடைக்கரையில்தான் கலிங்கடி என்ற சிறு குடியிருப்பு. வண்டல் மண்ணில் எதைப் போட்டாலும் விளையும் என்று ஆசைப்பட்டு, தண்ணீர் வரும் வழியிலேயே போய்க் குடியேறிய மகராசர்கள்.

அதனால் அங்கே ஒரு வழக்கம். பலகையை எடுக்குமுன் ஏரிக்காவலன் கொம்பு ஊத வேண்டும். கலிங்கடிக்காரர்கள் பக்கத்துப் பாறைமேல் ஏறி, கடைசி ஆளும் வந்து சேர்ந்ததும் பதில் கொம்பு ஊதுவார்கள். அது காதில் விழுந்த பிறகுதான் காவலன் பலகையில் கை வைக்கலாம்.

சடையன் காவலனாக இருந்தபோது, ஓர் ஐப்பசி மழையில் ஏரி தளும்பியது. அவன் கொம்பு ஊதினான். பதில் வரவில்லை. ஊர்த்தலைவர் வையாபுரி கரைமேல் நின்று, "கரை கரையுதுடா, தொறடா, தொறடா" என்று உயிரை வாங்கினார். இந்நேரம் ஏறியிருப்பார்கள் என்று சடையன் நினைத்தான். நினைத்ததை நம்பிப் பலகையை எடுத்தான். மாட்டை அவிழ்த்துவிடப் போன ஒருவனும் அவன் தோளில் இருந்த பெண்குழந்தையும் வெள்ளத்தோடு போனார்கள். அந்த மனிதன் வேறு யாருமில்லை, சடையனின் தங்கை காத்தாயியின் கணவன்.

"நாங்க பதில் ஊதலையே அண்ணே. எதக் கேட்டுத் தொறந்தே?" என்று காத்தாயி கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அண்ணனோடு பேசவில்லை.

ஊர் வையாபுரியையும் விட்டுவைக்கவில்லை. ஏவியது நீதானே என்று முகத்துக்கு நேரே கேட்டது. கலிங்கு விஷயத்தில் இனி வாய் திறப்பதில்லை என்று அவர் முடிவு செய்தார். காத்தாயிக்கும் உள்ளே ஒரு முள் இருந்தது. அன்று கொம்பு கேட்ட பிறகும், உலைச் சோற்றை வடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று புருஷனை நிறுத்தி வைத்தவள் அவள்தான். இனி எவன் கொம்புக்கும் காத்திருக்கக் கூடாது என்று மனத்தில் முடிந்துகொண்டு, கலிங்கடிக் கொம்பைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டாள்.

சடையனோ கலிங்குக் கல்லில் கை வைத்துச் சத்தியம் செய்தான். தலையே போனாலும் பதில் கொம்பு கேட்காமல் பலகையைத் தொடுவதில்லை. கலிங்கடியைக் கடக்க வேண்டி வந்தால் சுற்றுப்பாதையில் போவான். "எந்த மொகத்தோட அவ முன்னால நிக்கிறது?" என்பான். "ஏசினா வாங்கிக்க. போயி நில்லு" என்பாள் மனைவி நாச்சி. அவன் போகவில்லை. வருஷங்கள்தான் போயின.

மறுபடியும் அப்படியொரு மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையிலேயே வானம் கறுத்துவிட்டது. காத்தாயி கலிங்கடி முழுவதையும் கிளப்பினாள். பாறைமேல் ஆடுமாட்டுக்கு இடமில்லை என்பதால் எல்லாரையும் தொலைவில் இருந்த குன்றுக்கே நடத்திப் போனாள். ஏரிக்கரைக்குப் பிரியும் பாதையில் சற்று நின்றாள். பிறகு திரும்பிப் பாராமல் நடந்தாள். அந்தக் குன்றுக்கு எந்தக் கொம்பும் கேட்காது.

பிற்பகலில் கரை கசியத் தொடங்கியது. சடையன் ஊதினான். உதடு வெடித்து ரத்தம் வரும்வரை ஊதினான். மழைத்திரையில் கலிங்கடி கண்ணுக்குத் தெரியவில்லை. ஓர் ஆளை அனுப்பிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். நடுவே காட்டுவெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது, இறங்கினவன் திரும்பமாட்டான்.

"ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று வையாபுரியிடம் கெஞ்சினான்.

"போன தடவை சொல்லி ரெண்டு உசிரு போச்சு. என்னைக் கேக்காதே" என்று சொல்லிவிட்டு, ஊர்ச்சனத்தைக் கோயில் மேட்டுக்கு ஏற்றப் போனார் அவர்.

பலகைமேல் சடையனின் கை இருந்தது. இழுத்தால் கீழே யார் தோளில் எந்தக் குழந்தை இருக்குமோ என்று நினைத்தான். கையை எடுத்துக்கொண்டான். ஊரில் பாதிப்பேர் மேடேறியிருந்தபோது கரை உடைந்தது. நடக்கமாட்டாத கிழவர்களைத் தூக்கிக்கொண்டிருந்த நாச்சி அவர்களோடு போய்விட்டாள்.

தண்ணீர் வடிந்ததும் காத்தாயி வந்தாள். அவள் கூட்டிப் போனவர்களில் ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. பிணங்களுக்கு நடுவே நாச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள்.

"நாங்க காலையிலயே போயிட்டோம் அண்ணே" என்றாள்.

ஊர்ச்சபை கூடியது. சத்தியத்தைக் கட்டிக்கொண்டு ஊரைக் கொன்றான் சடையன் என்றார்கள் சிலர். வழக்கத்தை முறித்துச் சொல்லாமல் போனவள் காத்தாயி என்றார்கள் சிலர். தலைவர் என்று ஒருவர் எதற்கு என்று மற்றவர்கள் கத்தினார்கள். மூவரில் ஒருவரும் பழைய தவறைத் திரும்பச் செய்யவில்லை. அது உண்மை. பாதி ஊர் செத்ததும் உண்மை.

சொல்லுங்கள், இந்த மூவரில் யார்மேல் தவறு?

விடை: வையாபுரி வாய் திறந்திருந்தாலும் குருட்டுத்தனமாகத்தான் திறந்திருப்பார், கலிங்கடி காலி என்பது அவருக்கும் தெரியாது. காத்தாயி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்தவளே படியேறி வந்து முதலில் பேச வேண்டும் என்று கேட்பது அநியாயம். தவறு சடையனுடையது. பலகையை எடுக்காதது அல்ல தவறு. தெரியாமல் எடுக்கக் கூடாது என்று அவன் கற்றது சரியான பாடம். அந்தப் பாடத்தைத் தன் மனத்தோடு வைத்துக்கொண்டு, தீங்கு செய்த இடத்துக்குப் போய் நிற்காமல் இருந்ததுதான் தவறு. போய் வசவு வாங்கியிருந்தால் அண்ணன் தங்கைக்குள் ஒரு பேச்சு இருந்திருக்கும். பேச்சு இருந்திருந்தால் அன்று காலை அந்தப் பாதைப் பிரிவில் நின்றவள் ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். சபை அவனைத் தண்டிக்கவில்லை. இப்போது அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள். பேசுவதற்கு இருவருக்கும் வீட்டில் வேறு யாரும் மிச்சமில்லை.