துண்டு காயும் வரை

முட்டாள்கள் எல்லாரும் ஒரே ஊரில்தான் பிறக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நாலு பேர் நாலு ஊரில் பிறந்து, நாலு கல்லூரியில் முதல் வகுப்பில் தேறி, கடல் தாண்டிப் போய் ஒரே வீட்டில் சேரலாம். அப்படிச் சேர்ந்த வீடு ஒன்று ஸ்காட்லாந்தில், வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஒரு சின்னக் கடலோர ஊரில் இருந்தது.

அருப்புக்கோட்டை நாகஜோதி, தூத்துக்குடி ஜெனிட்டா, தருமபுரி திலகவதி, சிவகாசி மாரீஸ்வரி. நாலு பேரும் நுண்ணுயிரியல் படித்தவர்கள். நாலு வீட்டிலும் இவர்களுக்கு முன்னால் காலேஜ் வாசலை மிதித்தவர் கிடையாது. தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை லேமினேட் செய்து, அவரவர் பெட்டியின் அடியில் வைத்திருந்தார்கள். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி செய்தால் முன்னுக்கு வரலாம் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. வினாத்தாளில் ‘ஏதேனும் ஐந்து’ என்று இருந்தால், ஆறாவதற்கும் பதில் தெரிந்தாலும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கூரையைப் பார்க்கிற ஜாதி.

இவர்களில் நாகஜோதிக்குச் சுருட்டை முடி. சும்மா நெளி இல்லை. சீப்பை உள்ளே விட்டால் சீப்பைத் தேட ஆள் அனுப்ப வேண்டும். ஊரில் இருந்தவரை அவள் அம்மா அரைப் படி தேங்காய் எண்ணெய் வைத்து, முழங்காலால் முதுகை அழுத்திக்கொண்டு ரெட்டைச் சடை போட்டுவிடுவாள். ஸ்காட்லாந்துக் குளிரில் எண்ணெய் தலையிலேயே உறைந்து, மெழுகுவர்த்தி ஒழுகிய மாதிரி வெள்ளையாக நின்றது. எண்ணெயை நிறுத்தினாள். ஆறு மாதத்தில் முடி நாலு பக்கமும் விரிந்து, கதவைத் திறந்தால் முதலில் முடி உள்ளே போய், அப்புறம் ஜோதி போகிற நிலை வந்தது.

இந்த நேரத்தில்தான் மீன்களுக்கு வரும் நோயை ஆராய்கிற ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. வருகிற வியாழக்கிழமை. வேலை கிடைத்தால் விசா. கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் விமானம். அருப்புக்கோட்டையில் அவள் அத்தை ஒரு மாப்பிள்ளையையும், முடியை நேராக்குகிற ஒரு பார்லரையும் சேர்த்தே பேசி வைத்திருந்தாள். போட்டோவைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார், பெண் லட்சணம்தான், தலையை மட்டும் சரி பண்ணிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வழுக்கை. அதைச் சரி பண்ணச் சொல்லி யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் நாலு பேரும் கடைத்தெருவில் இருந்த முடி வெட்டும் கடைக்குப் போனார்கள். வாசலில் தங்க எழுத்தில் ‘எல்லா வகை முடிக்கும்’ என்று பலகை இருந்தது. கடைக்காரப் பெண் ஜோதியின் ஒரு சுருளை இழுத்து விட்டாள். அது திரும்பிப் போய்ச் சுருண்டுகொண்டது. உள்ளே இருந்த இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். அவர்களும் ஆளுக்கு ஒரு தடவை இழுத்து விட்டுச் சிரித்தார்கள். பிறகு, இந்த மாதிரித் தலைக்கு எங்களுக்குப் பயிற்சி இல்லை, மன்னிக்கணும் என்று கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் திலகவதி பலகையை மறுபடி படித்தாள். நாலு பேரில் தர்க்கம் தெரிந்தவள் அவள்தான்.

“எல்லா வகை முடிக்கும்னு போட்டிருக்காங்க. உனக்கு மட்டும் வெட்ட மாட்டேன்னுட்டாங்க. அப்படின்னா உன் தலைல இருக்கறது முடியே இல்ல.”

“பின்ன என்னடி அது?” என்றாள் ஜோதி.

“அதத்தான் கண்டுபிடிக்கணும்.”

பிறந்ததிலிருந்து அது முடிதான் என்று ஜோதிக்குத் தெரியும். ஆனால் பலகை தங்க எழுத்தில் இருந்தது. அவள் பக்கம் சாட்சிக்கு அவள் தலை ஒன்றுதான் இருந்தது. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நாலு கடை தள்ளி இன்னொரு கடை. கண்ணாடியில் ஒரு வெள்ளை நாயின் படம். உடம்பெல்லாம் சுருள் சுருளாக, ஜோதியின் தலை மாதிரியே. அடியில் ‘சுருட்டை ரோமத்துக்குத் தனிக் கவனிப்பு’ என்று எழுதியிருந்தது.

“ஏட்டி, இதுல முடின்னே போடல. ரோமம்னுதான் போட்டிருக்கு. நம்ம கேஸு இங்கதான்,” என்றாள் ஜெனிட்டா.

உள்ளே போய், சுருட்டைக்கு நேரம் குறிக்க வேண்டும் என்றார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமல், தடுப்பூசி அட்டை இருந்தால்தான் உள்ளே சேர்ப்போம் என்றாள். நியாயமான விதி. மாரீஸ்வரி மழையில் வீட்டுக்கு ஓடி, ஜோதியின் கொரோனா தடுப்பூசிச் சான்றிதழைக் கொண்டுவந்தாள். இரண்டு ஊசியும், அதற்கு மேல் போட்ட ஒன்றும் அதில் இருந்தது.

அந்த அம்மாள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தாள். “இதுல நாய் பேர் இல்லையே.”

“நாய் இல்லைங்க. நான்தான்,” என்றாள் ஜோதி.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் ஜோதியைப் பார்த்தாள். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை, இழுத்தும் பார்க்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் நகரத்தில் உள்ள ஒரு கடையின் விலாசத்தை எழுதிக் கொடுத்து, நாளைக்குப் பஸ்ஸில் போ, அவள் பார்த்துக்கொள்வாள் என்றாள். அந்தத் தெருவில் அன்றைக்குப் புத்தியாகப் பேசியது நாய்க்கடை ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனார்கள். கானா நாட்டு அபேனா என்பவள் நடத்துகிற கடை. முதல் பார்வையிலேயே இவர்கள் அவளை அபேனாக்கா ஆக்கிவிட்டார்கள். அவள் ஜோதியின் முடிக்குள் பத்து விரலையும் விட்டு, காய்ந்த தலையில் சீப்புப் போடச் சொன்னது யார் என்று கோபமாகக் கேட்டாள். இந்த நாட்டுக்கு வந்து, சிரிக்காமல் தன் தலையைத் தொட்ட முதல் ஆள் இவள் என்று தோன்றியதும் ஜோதிக்குக் கண் நிறைந்துவிட்டது. மற்ற மூன்று பேருக்கும் அதைக் கவனிக்க நேரம் இல்லை. நோட்டைத் திறந்துவிட்டார்கள்.

அபேனாக்கா ஒரு டப்பா க்ரீமைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். தலைக்குக் குளி. முடியை நாலு பாகமாகப் பிரி. ஈரத்திலேயே க்ரீமைத் தடவு. காய்கிறவரை யாரும் தொடக்கூடாது. பட்டுத்துணி மேல் தூங்கு. மிச்சத்துக்கு, முடிக்கு என்ன வேண்டும் என்று அதுவே சொல்லும், கவனித்துக் கேள்.

இதில் எது முக்கியம் என்று மாரீஸ்வரி கேட்டாள். எல்லாமேதான் என்றாள் அபேனாக்கா. நாலு நோட்டிலும் எல்லா வரிக்கும் அடிக்கோடு விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தாயிற்று. நாலு பாகம் என்றதில் யாருக்கும் குழப்பம் இல்லை. வீட்டில் இருப்பது நாலு பேர். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த வேலைப் பட்டியலில் பாத்திரம், குப்பை, குளியலறை, அடுப்பு என்பதற்குக் கீழே, முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று சேர்த்து, ஆளுக்கு ஒன்றாக எழுதினார்கள். ஜோதிக்கு அவள் தலையில் கிடைத்தது பின் வலது. எட்டாத இடம். மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். சீட்டுக் குலுக்கி விழுந்ததை மாற்ற முடியாது என்றாள் திலகவதி. திலகவதி நடுவகிட்டைத் தாண்டி அரை விரல்கடை ஆக்கிரமித்துவிட்டாள் என்று ஜெனிட்டா புகார் செய்ய, நூல் பிடித்து அளந்து எல்லை போட்டார்கள்.

க்ரீம் தடவி முடித்ததும், முடி என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. ஜெனிட்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொடாமல், ஜோதியின் தலைப் பக்கம் காதைக் கொண்டுபோனாள்.

“என்னமோ உறுமுது.”

“அது என் வயிறுடி. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல,” என்றாள் ஜோதி.

குறுக்கே பேசாதே என்றார்கள். ஆனாலும் சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு கிண்ணம் தயிர்சாதம் கொடுத்தார்கள். ஜோதி சாப்பிட்டாள். உறுமல் நின்றது. ஜெனிட்டா நோட்டில் எழுதினாள்: ‘முடி தயிர்சாதம் கேட்டது. கொடுத்தோம். அடங்கிவிட்டது.’

அப்புறம்தான் பெரிய சிக்கல் வந்தது. காய்கிறவரை தொடக்கூடாது. காய்ந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் தொட வேண்டும். தொட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் விதியை மீறியதாகிவிடும். மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மணி நேரம் யோசித்தார்கள். கடைசியில் திலகவதி எழுந்து போய் ஒரு துண்டைக் குழாயில் நனைத்துப் பிழிந்து, சமையலறைக் கதவில் தொங்கவிட்டாள்.

“முடியும் துண்டும் ஒண்ணா நனைஞ்சது. துண்டு காஞ்சா முடியும் காஞ்சது. துண்டத் தொட்டுப் பாக்கலாம், அதுக்குத் தடை இல்ல.”

நாலு பேரும் கை தட்டினார்கள். ஆராய்ச்சி படித்ததற்கு இதுவாவது உதவுகிறதே என்று ஜோதிக்கே பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் முடி காய்ந்துவிட்டது. கண் உள்ள யாருக்கும் தெரியும். ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக, பளபளவென்று, தோள் வரை இறங்கியிருந்தது. கண்ணாடியில் பார்த்த ஜோதி அப்படியே நின்றுவிட்டாள். இருபத்து நாலு வருஷமாக எல்லாரும் சரி பண்ணச் சொன்ன சாமான் இதுதானா என்று இருந்தது. ஒரு சுருளில் விரலை விட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. விடவில்லை. துண்டு இன்னும் ஈரமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் ஈரம். புதன்கிழமையும் ஈரம். பாத்திரம் கழுவிவிட்டு ஜெனிட்டா மூன்று வேளையும் அதில்தான் கையைத் துடைத்தாள். கதவில் தொங்குவது அதற்குத்தானே.

“பாத்தா காஞ்ச மாதிரிதான் இருக்கு,” என்றாள் ஜோதி மெதுவாக.

“கண்ணால பாக்கறதெல்லாம் சாட்சியாடி? துண்டுதான் சாட்சி,” என்றாள் திலகவதி. ஜோதி போய்த் துண்டை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். பரீட்சையில் கூட விடையை விட வழிமுறைக்குத்தான் மார்க் அதிகம்.

பட்டு மேல் தூங்குவதிலும் ஒரு இடைஞ்சல். பட்டில் தலை வைத்தால் பட்டு முடியைத் தொடும். மாரீஸ்வரிதான் வழி சொன்னாள். பட்டின் மேல் தூங்கு என்றுதான் இருக்கிறதே தவிர, தலையை எங்கே வைப்பது என்று இல்லை. ஆகவே மாரீஸ்வரியின் கல்யாணத்துக்கென்று அவள் அம்மா கொடுத்தனுப்பிய பட்டுச்சேலையை விரித்து, உடம்பு அதன் மேலும், தலை கட்டிலுக்கு வெளியே அந்தரத்திலுமாக ஜோதி நாலு ராத்திரி தூங்கினாள்.

வியாழக்கிழமை வந்தது. ஸ்வெட்டரைத் தலை வழியாகப் போட வழியில்லாததால், கால் வழியாக ஏற்றிக்கொண்டாள். கழுத்துப்பட்டை இடுப்பில் மாட்டி, மூன்று பேர் இழுத்துத்தான் மேலே வந்தது. வெளியே மழை. அவரவர் பாகத்துக்கு அவரவர் பொறுப்பு என்பதால், நாலு பேரும் நாலு குடையை ஒரே தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மூன்று பேரும் தொப்பலாக நனைந்தார்கள். ஜோதியின் தலையில் ஒரு சொட்டு விழவில்லை.

உள்ளே இரண்டு பேர். ஆய்வுக்கூடத் தலைவர் ஒரு நெட்டையான மனிதர். பக்கத்தில் அலுவலக விதிகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மாள். மீனின் செவுளில் வரும் நோயைப் பற்றிக் கேட்டார்கள், ஜோதி சொன்னாள். மாதிரி எடுப்பதைப் பற்றிக் கேட்டார்கள், அதையும் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. முடிவில் தலைவர் முன்னால் சாய்ந்தார். கேட்பதற்கு முன்னாலேயே கை நீண்டுவிட்டது.

“எவ்வளவு அழகான முடி. தொட்டுப் பாக்கலாமா?”

ஜோதி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். “மன்னிக்கணும் சார். துண்டு இன்னும் காயல.”

விசா போச்சு என்று ஜோதிக்குத் தோன்றியது. பொய் சொல்லிச் சமாளிக்கலாம், ஆனால் அவளுக்குப் பொய்யில் பழக்கம் இல்லை. நாலு பாகம், தயிர்சாதம், துண்டு, அந்தரத்தில் தொங்கிய தலை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். விதி அம்மாள் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள்.

“இது உங்க மத நம்பிக்கையா?”

“இல்லைங்க. அபேனாக்கா சொன்னது.”

‘அபேனாக்கா. மதம் போன்றது’ என்று அந்த அம்மாள் எழுதினாள்.

தலைவர் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. “நாலு நாளா நீங்களே ஒரு தடவை கூடத் தொடலையா? ஆசையா இல்லையா?”

“இருந்துச்சு சார். துண்டு காயல.”

தலைவர் கையை மடக்கிக்கொண்டு விதி அம்மாளைப் பார்த்தார். போன வருஷம் இந்த வேலையில் இருந்தவன், ‘திறக்காதே’ என்று எழுதிய பெட்டியை மூன்று தடவை திறந்து பார்த்தான் என்றார்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. விசாவுக்கு எழுதியாயிற்று. கூடவே ஒரு இணைப்புத் தாள், முத்திரையோடு: பணியாளர் நாகஜோதியின் துண்டு ஈரமாக உள்ள காலம் முழுவதும் அவர் முடியை ஊழியர் எவரும் தொடக்கூடாது. துண்டுக்கு அவர் மேசையருகே தனிக் கொக்கி அளிக்கப்படும். துண்டு காய்ந்ததும் இந்த ஏற்பாடு முடிவுக்கு வரும். காய்ந்த செய்தியை எழுத்தில் தெரிவிக்கவும்.

நாலு பேரும் அதை ஆளுக்கு ஒரு தடவை உரக்கப் படித்தார்கள். ‘முடிவுக்கு வரும்’ என்ற வரியில் திலகவதியின் முகம் மாறிவிட்டது.

“துண்டு காஞ்சா ஏற்பாடு முடியுதுன்னு போட்டிருக்கான். ஏற்பாடுன்னா என்ன? வேலை. வேலை முடிஞ்சா விசா முடிஞ்சது.”

ஜோதி எழுந்து ஓடிப்போய்க் கதவில் தொங்கிய துண்டைத் தொட்டாள். இத்தனை நாள் காயாத துண்டு, ஜெனிட்டா இரண்டு நாள் ஜுரத்தில் படுத்திருந்ததால், ஓரத்தில் லேசாகக் காய ஆரம்பித்திருந்தது. கத்திக்கொண்டே அதைக் குழாயடிக்குக் கொண்டுபோனாள்.

அன்றைக்கே ஃப்ரிட்ஜில் வேலைப் பட்டியலைப் புதுப்பித்தார்கள். ‘துண்டு நனைத்தல்’ என்று ஒரு வரி கூடுதலாக வந்தது. திங்கள், வியாழன் ஜெனிட்டா. செவ்வாய், வெள்ளி திலகவதி. புதன், சனி மாரீஸ்வரி. ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் விடுமுறை; துண்டை வெளியே கொடியில் போட்டுவிட்டால் ஸ்காட்லாந்து பார்த்துக்கொள்ளும்.