யெஸ் யாருக்குச் சொந்தம்?

கோவில்பட்டியில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருமே இன்ஜினியரிங் முடித்தவர்கள், அதனால் படிக்காதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நானும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தளவாய், ஞானதுரை, பேச்சிமுத்து என்று பெயர். அமெரிக்காவில் மேல்படிப்பு படிக்க ஒரு நுழைவுத் தேர்வு உண்டல்லவா, அதை எழுதிக்கொண்டிருந்தார்கள். கணக்கு வந்துவிடும். இங்கிலீஷ் வார்த்தைகள்தான் வராது. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் ஊற்றிக்கொண்டது.

மற்ற இருவருக்கும் பெரிய கவலை இல்லை. தளவாய்க்குத்தான் இருந்தது. அவன் அப்பா ஆவுடையப்பன் பெயின்ட் கடை வைத்திருந்தார். இந்தத் தடவையும் தேறாவிட்டால் கடையில் வந்து உட்காரணும் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா? ‘ஆவுடையப்பன் அண்ட் சன்’ என்று புது போர்டு எழுதி, கடை வாசலில் மாட்டி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடியும் வைத்துவிட்டார். தளவாய்க்கு பெயின்ட் வாசனை பட்டாலே தும்மல் வரும். இப்போது அந்தச் சாக்கைப் பார்த்தாலும் வந்தது.

அவர்கள் படித்த டுடோரியலில் பிலோமினா டீச்சர்தான் இங்கிலீஷ் எடுத்தார். அவருக்குப் பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம். தூத்துக்குடியில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது மூவரையும் கூப்பிட்டு ஒரே ஒரு வழி சொன்னார்.

“ஒரு வார்த்தையை எடுத்துப் பத்துத் தடவை பேச்சுல பயன்படுத்துங்க. அப்புறம் அது உங்களுக்கே சொந்தம். யாராலயும் பிடுங்க முடியாது.”

சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். மூவரும் அங்கேயே நின்று யோசித்தார்கள்.

“சொந்தம்னு சொல்லிட்டாங்க,” என்றான் தளவாய்.

“அப்போ எழுதி வைக்கணும். நாளைக்குத் தகராறு வரக் கூடாது பாரு,” என்றான் ஞானதுரை. அவன் அப்பா பத்திரம் எழுதுகிறவர். அன்றைக்கே ஒரு பெரிய நோட்டு வாங்கி, எந்த வார்த்தை யாருக்கு என்று பதிய ஆரம்பித்தான்.

தளவாய் நேரே டீக்கடைக்குப் போனான்.

“அண்ணே, எஃபெமரலா ஒரு டீ. சர்க்கரை எஃபெமரல். கிளாஸும் எஃபெமரலா இருக்கட்டும்.”

“அதெல்லாம் இல்ல தம்பி. இஞ்சி டீதான் இருக்கு,” என்றார் கடைக்காரர்.

“எஃபெமரல்ணே,” என்று நன்றி சொல்லிக் குடித்தான். இப்படிப் பத்துத் தடவை ஆனதும் நோட்டில் ஏற்றினான். எஃபெமரல் என்றால் அற்ப ஆயுள் உள்ளது, அந்த அர்த்தத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். டீச்சர் பயன்படுத்தத்தானே சொன்னார், அர்த்தம் பற்றி எதுவும் சொல்லவில்லையே.

ஒரு மாதத்தில் தளவாய்க்குத் தொள்ளாயிரம் வார்த்தை சேர்ந்தது, ஞானதுரைக்கு எண்ணூறு. எல்லாம் நாக்கைச் சுளுக்க வைக்கும் வார்த்தைகள். பேச்சிமுத்துவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

“எல்லாரும் பெருசு பின்னாடி ஓடுறீங்க. சின்னதெல்லாம் கேட்பாரில்லாமக் கிடக்குதுல்ல,” என்றான். ஒரே சாயங்காலம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்து யெஸ், நோ, இஸ், தி, அண்ட், சன், தேங்க்ஸ் என்று வரிசையாகப் பத்துப் பத்துத் தடவை சொல்லி முடித்துவிட்டான். ஞானதுரை பதினேழாம் பக்கத்தில் ஏற்றினான்.

மறுநாள் தளவாய் கட்டுரை எழுதிப் பழக உட்கார்ந்தான். தொள்ளாயிரம் வார்த்தை கையில் இருக்கிறது, சேர்த்துக் கட்ட ஒரு இஸ் இல்லை.

“நாமளும் அதைப் பத்துத் தடவை சொல்லிட்டா என்ன?” என்று ஞானதுரையிடம் கேட்டான்.

“அடுத்தவன் சொத்துடா. முதல் தடவை சொன்னாலே திருட்டு. பத்துத் தடவை சொன்னா பத்துத் திருட்டு.”

வேறு வழி இல்லை. “பேச்சி, ஒரு பன்னிரண்டு இஸ் குடுடா. கட்டுரைக்கு வேணும்.”

பேச்சிமுத்து ஒன்றும் கஞ்சன் இல்லை. “எடுத்துக்க. முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும்.”

தளவாய் நேர்மையானவன். கட்டுரையை எழுதி முடித்ததும் பன்னிரண்டு இஸ்ஸையும் ரப்பரால் அழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

தேர்வு மதுரையில். போகும் முன்பே பேச்சிமுத்துவிடம் ஐம்பது இஸ், நூறு தி என்று அனுமதி வாங்கிக்கொண்டார்கள். ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தார்கள். தளவாயின் கம்ப்யூட்டரில் முதல் கேள்வி வந்தது: தேர்வைத் தொடங்கலாமா? கீழே இரண்டு கட்டம். ஒன்றில் யெஸ், இன்னொன்றில் நோ.

தளவாய்க்கு வேர்த்துவிட்டது. கையைத் தூக்கினான். மேற்பார்வை பார்த்த அம்மா வந்தார்.

“மேடம், பேச்சிமுத்துவைக் கொஞ்சம் கூப்பிடுங்க.”

“எதுக்கு?”

“இது அவனோடது.”

“கம்ப்யூட்டரா?”

“இல்ல மேடம். யெஸ்.”

“சரி, அப்போ நோ அழுத்துங்க.”

“அதுவும் அவனோடதுதான் மேடம்.”

அந்த அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நல்லவேளை, பேச்சிமுத்து தற்செயலாகத் திரும்பினான். தளவாய் கையைக் காட்டிக் கெஞ்சினான். பேச்சிமுத்து ஒரு விரலைக் காட்டித் தலையாட்டினான். தளவாய் யெஸ் அழுத்தினான். அடுத்த கேள்வி வந்தது: நிச்சயமாகத்தானா? யெஸ், நோ.

பேச்சிமுத்து அதற்குள் திரும்பிக்கொண்டான். அனுமதி ஒன்றுக்குத்தானே. நேரம் முடியும்வரை தளவாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர் மூலையில் ஞானதுரையும் அப்படியே. பேச்சிமுத்து ஒருவன்தான் தன் யெஸ்ஸை அழுத்தித் தேர்வுக்குள் நுழைந்தான். பார்த்தால் கேள்வியில் வந்த வார்த்தையெல்லாம் சிநேகிதர்களுடையவை. எதையும் தொடாமல் எழுந்து வந்துவிட்டான்.

திரும்பும் பஸ்ஸில் தளவாய் அழுதேவிட்டான். “அப்பா சாக்கை எடுத்துடுவாருடா. வாழ்நாள் பூரா தும்மியே சாகணும்.” மற்ற இருவருக்கும் மனசு கேட்கவில்லை. அவனோடு கடை வரைக்கும் போனார்கள்.

ஆவுடையப்பன் மூவரின் முகத்தையும் பார்த்தார். ஏணியில் ஏறிச் சாக்கை உருவினார். தளவாய் தும்மினான்.

பேச்சிமுத்து போர்டை அண்ணாந்து பார்த்தான். “அப்பா, தப்பா நினைச்சுக்காதீங்க. நடுவுல இருக்கிற அண்ட் என்னோடது.”

ஞானதுரை நோட்டைப் பிரித்தான். “பக்கம் பதினேழு. சன்னும் இவன் பேர்லதான் இருக்கு.”

ஆவுடையப்பன் ஏணியை விட்டு இறங்கினார். அடுத்தவர் பொருளைத் தொடாத மனுஷர் அவர். நோட்டை வாங்கிப் படித்துப் பார்த்தார். “அப்போ இந்தக் கடையில உட்கார வேண்டியது யாரு?”

மூவரும் யோசித்தார்கள்.

“சன் யாருக்குச் சொந்தமோ அவன்தான்,” என்றான் ஞானதுரை.

“அது நியாயம்,” என்று ஆவுடையப்பன் பேச்சிமுத்துவைக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். தளவாய் தும்மலை மறந்து சிரித்தான். அன்று முதல் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து நாலாவது தடவைக்குப் படிக்க ஆரம்பித்தான்.

ஒரு வாரம் கழித்து ஞானதுரையின் போனுக்கு பிலோமினா டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. நல்லபடியாகப் பிரசவம் ஆயிற்று, சன் பிறந்திருக்கிறான் என்று இருந்தது. ஞானதுரை பதினேழாம் பக்கத்தைப் பிரித்து ஒரு தடவை சரிபார்த்தான்.

அன்று மத்தியானமே ஒரு தொட்டில் வாங்கிக்கொண்டு மூவரும் தூத்துக்குடி பஸ் ஏறினார்கள், பேச்சிமுத்துவின் பிள்ளையைக் கூட்டிவர. ஆவுடையப்பனும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே கிளம்பினார். பேரனை முதல் முதலாகப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போக முடியுமா? மடியில் ஒரு லிட்டர் பச்சை பெயின்ட் வைத்திருந்தார்.