கணக்கில் வராத அம்மா

தையற்காரி வடிவுக்குக் கல்யாணமாகவில்லை. படுத்த படுக்கையான அம்மாவோடு குடியிருக்க அரசு வீடு கேட்டு மனுப் போட்டிருந்தாள். விசாரிக்க வந்த அதிகாரி தெய்வசிகாமணி வாசலிலேயே உதட்டைப் பிதுக்கினார்.

"புருஷன் இல்ல, பிள்ளை இல்ல. தனி ஆளுக்கெல்லாம் வீடு கிடையாதும்மா."

"உள்ள அம்மா இருக்காங்களே சார்?"

"அது கணக்குல வராது."

"சரிங்க சார்" என்ற வடிவு, கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள். "தனி ஆளுக்கென்ன கவலை? நாலு நாள் திருச்செந்தூர் போயிட்டு வாரேன்" என்று நடையைக் கட்டினாள்.

அதிகாரி பதறிப்போனார். "ஏம்மா, நில்லு! உள்ள இருக்கவங்களுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

"இதைத்தான் சார் மனுவுல எழுதியிருந்தேன். நீங்களும் அப்படியே எழுதிருங்க."

தெருவே சிரித்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது: "வடிவு, அந்தப் புண்ணியவானுக்கு ஒரு காப்பி போட்டுக் குடு. நான் இருக்கேன்னு கண்டுபிடிச்சிட்டாரே!"