வீட்டுக்குத் திரும்பும் தண்ணீர்

“என் பிள்ளைகள எப்படித் தண்ணி குடிக்க வைக்கன்னு சொல்லு, ரெஜினா” என்றாள் அருள்செல்வி.

வந்தவள் உட்காரக்கூட இல்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே மைதானத்தின் நடுவில் நின்று கேட்டாள்.

ரெஜினா கயிறு பிடித்து, குனிந்து ஓட்டப் பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“புங்க மரத்தடியில சொம்புல தண்ணி இருக்கு. முதல்ல நீ குடி.”

“எனக்கு வேண்டாம். நீ சொல்லு.”

“அப்ப கயித்தோட அந்த நுனியப் பிடி.”

அருள்செல்வி பிடித்தாள்.

இருவரும் வேறு வேறு ஊர்ப் பள்ளிக்கூடங்களில் உடற்கல்வி ஆசிரியைகள். கல்லூரியில் ஒரே வகுப்பு, வயதும் ஒன்றுதான். ஆனாலும் அருள்செல்விக்கு ஒரு சந்தேகம் வந்தால் அன்றைக்கும் ரெஜினாவிடம்தான் போய் நிற்பாள். நாற்பது வயதிலும் அங்கேதான் வந்து நிற்கிறாள்.

கேட்ட கேள்விக்கு ரெஜினா நேராகப் பதில் சொன்னதாக ஊர் உலகத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அவளைத் திட்டிக்கொண்டே போனவர்கள் உண்டு. அவர்களும் மறுபடி வந்திருக்கிறார்கள்.

“யாரு விழுந்தா?” என்று கேட்டாள் ரெஜினா.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஒண்ணும் நடக்காமலா சனிக்கிழமையும் அதுவுமா பஸ் ஏறி வருவ?”

அருள்செல்வி சொன்னாள்.

விழுந்தவள் கௌசிகா. ஒன்பதாம் வகுப்பு. எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். அவள் ஓடினால் மற்ற டீச்சர்கள் வகுப்பைவிட்டு வராந்தாவுக்கு வந்து பார்ப்பார்கள். வட்டாரப் போட்டியில் முதல் சுற்றில் எல்லாரையும் முந்தினாள். இரண்டாவது சுற்றில், வளைவில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள்.

“ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?”

“சிறுநீரகத்துல கிருமி ஏறியிருக்காம். காய்ச்சலோடதான் ஓடியிருக்கா. பிள்ளை தண்ணியே குடிக்கிறதில்ல போலயேன்னு டாக்டரம்மா என்னயப் பார்த்துக் கேக்காங்க.”

“இப்ப எப்படி இருக்கா?”

“வீட்டுக்கு வந்துட்டா. ஆனா அவ அப்பா திங்கக்கிழமை டி.சி. வாங்க வாராரு. ஓட்டமும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாங்காரு. நான் காலப் பிடிக்காத குறை. என் பிள்ளை ஏன் விழுந்தான்னு ஒரு பதில் சொல்லுங்க, அப்புறம் பார்ப்போம்னுட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“என்கிட்ட என்ன இருக்கு சொல்ல? நாளைக்கு வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

கோடு புங்க மரத்தடிக்கு வந்தது. ரெஜினா சொம்பைக் கண்ணால் காட்டினாள்.

“குடி.”

“வேண்டாம்ட்டி.”

இருவரும் கயிற்றை இழுத்துக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போனார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“நான் எதுல குறை வச்சேன்?” என்றாள் அருள்செல்வி. “சாயந்தரம் பிராக்டிஸ் முடிஞ்சா சுண்டல். வாரத்துக்கு மூணு நாள் முட்டை, என் கையில இருந்து. பிரேயர்ல தினமும் தண்ணியப் பத்திப் பேசுதேன். தண்ணி குடிக்கன்னே தனியா ஒரு மணி அடிக்கச் சொன்னேன். மணி அடிச்சா எல்லாரும் பாட்டிலத் தூக்குவாளுவ.”

“குடிப்பாளுவளா?”

“உதட்ட நனைப்பாளுவ. சாயந்தரம் பாட்டில் அப்படியே நிறைஞ்ச வாக்குல வீட்டுக்குப் போவும்.”

“அப்புறம்?”

“காலி பாட்டில் காட்டுதவளுக்குப் பேனான்னு சொன்னேன்.”

“காட்டினாளுவளா?”

“மறுநாளே எல்லாப் பாட்டிலும் காலி.”

ரெஜினா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க ஸ்கூல்ல செடி எதுவும் இருக்கா?”

அருள்செல்வி கையிலிருந்த கயிற்று நுனியைப் பார்த்தாள்.

“சுவரோரமா அரளி இருக்கு” என்றாள். “இந்தக் கோடையில அப்படித் தழைச்சிருக்கு. எனக்கும் அப்பவே சந்தேகம்தான்.”

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. பேனா வாங்கித் தந்த கை அது.

“கழுத்துல விசிலோட என்னமோ சேர்ந்து தொங்குதே, அது என்ன?”

“இதுவா, டீச்சர்மார் பாத்ரூம் சாவி. என் பொறுப்புல இருக்கு.”

“லீவு நாள்லயுமா?”

“கழத்தி வச்சா பிள்ளைக கையில மாட்டும். உள்ள போயிருவாளுவ.”

“போனா?”

“நாங்க சுத்தமா வச்சிருக்கோம், ரெஜினா. அசிங்கமாக்கிருவாளுவ.”

“சரி” என்றாள் ரெஜினா. மறுபடி குனிந்துகொண்டாள்.

வெள்ளைக் கோடு மைதானத்தைச் சுற்றி வளர்ந்தது. அருள்செல்வியின் உதடு காய்ந்துவிட்டது. பேச்சுக்கு நடுவில் எச்சில் விழுங்கினாள்.

“போட்டி அன்னைக்கு அவ உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?”

“கோட்டுல போய் நிக்கதுக்கு முன்னால டீச்சர்னு வந்தா. எல்லாப் பிள்ளையும் நின்னாச்சு, இவ ஒருத்திதான் பாக்கி. ஓடிட்டு வந்து சொல்லுன்னேன்.”

“அப்புறம் சொன்னாளா?”

“எங்க சொல்ல? அவதான் ஓடி முடிக்கலையே.”

கோடு மறுபடியும் புங்க மரத்தடிக்கு வந்து, தொடங்கிய இடத்தில் சேர்ந்தது. ரெஜினா கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டினாள். சொம்பை எடுத்து அருள்செல்வியின் முன்னால் நீட்டினாள்.

“குடி.”

“எத்தனை தடவ சொல்லுதது? வேண்டாம். நேரமாச்சு, பஸ் வந்துரும். பதில் உண்டா, இல்லையா?”

“குடிச்சாத்தான் பதில்.”

அருள்செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு குழந்தையின் படிப்பு நாளையோடு முடியப் போகிறது, இவள் சொம்பை வைத்துக்கொண்டு விளையாடுகிறாள் என்று நினைத்தாள்.

“உனக்கென்ன, வீடு பக்கத்துல இருக்கு. நான் மூணு மணி நேரம் பஸ்ஸுல போவணும். இதக் குடிச்சிட்டு நடுவுல எங்கட்டி இறங்க?”

நீட்டிய கையை ரெஜினா மடக்கவில்லை.

தான் சொன்னது அருள்செல்வியின் காதிலேயே விழுந்தது.

கயிறு அவள் கையிலிருந்து நழுவிச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் விழுந்தது.

அவள் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பாத்ரூம் உண்டு. மேடைக்குப் பின்னால் இருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழாயில் தண்ணீர் வராது. அதற்கு எதிரேதான் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

இதில் எதுவும் அருள்செல்விக்குத் தெரியாதது அல்ல. பந்து எடுக்கத் தினமும் அந்த வழியாகத்தான் போகிறாள். மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறாள்.

விளையாட்டு வகுப்பில் யாராவது சுண்டுவிரலைக் காட்டினால், இப்பத்தான இன்டர்வெல் விட்டாங்க என்று சொல்வாள். தினமும் சொல்வாள். பிள்ளைகள் கையை இறக்கிக்கொள்வார்கள்.

காலையில் தான் ஏன் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினோம் என்பதும் அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டீச்சர் என்று வந்து நின்ற முகத்தை நினைத்தாள். அன்றைக்கு அந்த முகத்தை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கையிலிருந்த ஸ்டாப் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அழுகை வந்தது. மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்தாளே தவிர, அழாதே என்று சொல்லவில்லை.

அழுகை ஓய்ந்ததும் ரெஜினா சொன்னாள்.

“இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கு. பிள்ளைகளுக்கும் அதுதான், எனக்கும் அதுதான். தாழ்ப்பாள் நல்லா விழும். இப்பக் குடி. அடுத்த பஸ்ஸுல போ.”

அருள்செல்வி சொம்பை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

“நீ பதிலே சொல்லலையே” என்றாள்.

“நான் என்னத்தச் சொல்ல? காலையில இருந்து நீதான் சொல்லிக்கிட்டு இருக்க.”

மறுநாள் அருள்செல்வி கௌசிகாவின் வீட்டுக்குப் போனாள்.

கௌசிகா சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். அருள்செல்வி அவள் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தாள்.

அம்மா ஒரு சொம்பில் தண்ணீரும் டம்ளரும் கொண்டுவந்தாள். டம்ளரில் ஊற்றிக் கொடுத்ததை அருள்செல்வி மறுக்காமல் குடித்தாள்.

அப்பா இசக்கிமுத்து அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“சொல்லுங்க டீச்சர். என் பிள்ளை ஏன் விழுந்தா?”

“தண்ணி குடிக்காம இருந்ததால.”

“அது டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களே. ஏன் குடிக்கல?”

“குடிச்சா போவணும். எங்க ஸ்கூல்ல பொம்பளப் பிள்ளைக போறதுக்கு எடம் இல்ல.”

கௌசிகா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். அந்த வீட்டில் அதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

“கக்கூஸே கிடையாதா?” என்றார் இசக்கிமுத்து.

“இருக்கு. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. குழாயில தண்ணி வராது.”

“எத்தனை நாளா?”

“ரொம்ப நாளா.”

“நீங்க அங்கதான இருக்கீங்க?”

“அங்கதான் இருந்தேன்.”

“பிள்ளை அன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்ல வந்தா. நாந்தான் கேக்கல.”

இசக்கிமுத்து அவளையே பார்த்தார். அவருக்குச் சண்டை போடத் தெரியும். அதற்குத் தயாராகத்தான் நின்றிருந்தார். எதிரே இருந்தவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அருள்செல்வி கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றினாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். விசிலை மடியில் வைத்துக்கொண்டு, சாவியைக் கௌசிகாவின் கையில் வைத்தாள்.

“இது டீச்சர்மார் பாத்ரூம் சாவியாச்சே” என்றாள் கௌசிகா.

“அந்தத் தாழ்ப்பாளுக்கும் குழாய்க்கும் நாளைக்கே ஹெச்.எம். கிட்டப் போய் நிக்கப் போறேன். அது சரியாகிற வரைக்கும் இது உங்க எல்லாருக்கும். யார் கேட்டாலும் நான் தந்தேன்னு சொல்லு.”

கௌசிகா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“நாங்க அத்தனை பேரும் போனா, நீங்க எங்க டீச்சர் போவீங்க?”

“உங்க பின்னால வரிசையில நிப்பேன்.”

கௌசிகா அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் அம்மாவின் கையிலிருந்த சொம்பை வாங்கினாள். அண்ணாந்து குடிக்கத் தொடங்கினாள்.