ஈயம் பூத்த வெள்ளை

நல்லபெருமாள் உரலில் நெல்லிவற்றல் இடித்துக்கொண்டிருந்தான். பாதியில் உலக்கையை நிறுத்தினான்.

"அம்மா, விஷம்னு தெரிஞ்சும் ஒருத்தி ஏன் அதை முகத்துல பூசுறா?"

வெயிலம்மை முற்றத்தில் வேர்களை உலரப் போட்டுக்கொண்டிருந்தாள். துறைமுகத்துக்கு மேலே, குன்றில் தனியாக இருந்துகொண்டு மருந்து கொடுக்கும் துறவி. நல்லபெருமாளை விட வயதில் இளையவள். ஆனாலும் அவளிடம் கற்க வந்த நாளிலிருந்து அவன் அம்மா என்றுதான் கூப்பிடுகிறான்.

"யாரு?"

"என் தங்கச்சி பூரணம்."

"எதைப் பூசுறா?"

"ஈயம் பூத்த வெள்ளை."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. காரீயத் தகட்டைப் புளித்த காடி ஊற்றிய பானைக்குள் தொங்கவிட்டு எருக்குழியில் புதைத்துவைத்தால், தகட்டின்மேல் வெள்ளையாக ஒன்று பூக்கும். அதைச் சுரண்டி அரைத்து, பன்னீரில் குழைத்து, சிமிழில் அடைத்துக் கப்பல்காரர்கள் விற்றார்கள். பூசினால் முகம் முத்துப்போல ஆகும். கொஞ்ச காலத்தில் அடியில் உள்ள தோல் திட்டுத் திட்டாகக் கறுக்கும். அதை மறைக்க இன்னும் ஒரு பூச்சு. அப்புறம் விற்றவன் தெருவில் வந்து கூவவே வேண்டியதில்லை.

"கலியாணத்தன்னிக்கு அவ மாமியார் பூசிவிட்டது. இன்னும் நிக்கல. ஈறுல நீலக்கோடு விழுந்திருக்கு. செம்பைத் தூக்கினா மணிக்கட்டு தொங்கிப்போகுது. முகமும் உடம்பும் ஒரே நிறமா இருக்கணும்னு கழுத்து, மாரு எல்லாம் பூசுறா. இப்போ பிள்ளை பால் குடிச்சிட்டு வயிறு முறுக்கி அழுவுது. ரெண்டு பேரையும் பறிகொடுத்துடுவேனோன்னு பயமா இருக்கும்மா."

"நீ என்ன செஞ்சே?"

"எடுத்துச் சொன்னேன்."

"அப்புறம்?"

"தெரியும் அண்ணேன்னு அழுதா."

"அப்புறம்?"

"முகத்தைக் கழுவவெச்சுக் கண்ணாடியைக் காட்டினேன். எப்படி ஆயிருக்கு பாருன்னேன்."

"பார்த்தாளா?"

"பார்த்தா. பார்த்துட்டு, முன்னைவிடக் கனமா ஒரு பூச்சு பூசிக்கிட்டா."

வெயிலம்மை சிரித்துவிட்டாள்.

"கப்பல்காரன்கூட இவ்வளவு நல்லா வித்திருக்க மாட்டான், நல்லபெருமாளு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. உலக்கையைச் சுவரில் சாய்த்துவைத்தான்.

"போன மாசியில ஒருத்தி வந்தா," என்றாள் வெயிலம்மை. "கண்ணுல விட ஊமத்தைச் சாறு வேணும்னு கேட்டா. விட்டா கண்மணி விரிஞ்சு மான்கண் மாதிரி ஆகுமாம். பார்வை போயிடுமே, அப்புறம் கண்ணு எதுக்குன்னேன். நான் பார்க்கிறதுக்கு இல்லம்மா, என்னைப் பார்க்கிறதுக்குன்னா."

"கொடுத்தீங்களா?"

"நான் கொடுக்கல. வேற யாரோ கொடுத்தாங்க. மான்கண்ணாத்தான் இருக்கு. சுவரைத் தடவிக்கிட்டுப் போறா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதுக்கு முந்தி ஒரு கூத்துக்காரர் வந்தார். பெண்வேஷம் கட்டணும், மாருமயிரை உதிர்க்கணும்னு அரிதாரக் கல்லும் சுண்ணாம்பும் கேட்டார். நான் மாட்டேன்னதும் வேற இடத்துல வாங்கிக் குழைச்சுப் பூசிக்கிட்டார். மயிரும் போச்சு, தோலும் போச்சு. வேஷத்தை மட்டும் விடலையே மனுஷன்."

"அப்போ இதுக்கு வழியே கிடையாதா?"

வெயிலம்மை கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"பிள்ளைக்குத் தொட்டில் போடுறது என்னிக்கு?"

"நாளைக்கு. தாய்மாமன் நான்தான் தொட்டில் கொண்டுபோகணும்."

"நானும் வர்றேன்."

மறுநாள் காலை, தொட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு அவன் முன்னால் போனான். வெயிலம்மை பின்னால் வந்தாள். வாசலிலேயே பூரணத்தின் மாமியார் பார்த்துவிட்டாள்.

"தாய்மாமன் தொட்டிலோட வருவார்னு பார்த்தா, தொட்டிலும் துறவியுமா வந்திருக்கார்! வாங்கம்மா, உள்ளே வாங்க."

கூடத்தில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பூரணம் நடுவில், மடியில் பெண் குழந்தையோடு இருந்தாள். கழுத்துக்குக் கீழே வரை சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுப்பு. சிரித்தால் பூச்சு வெடிக்கும் என்று சிரிக்காமல் தலையை மட்டும் அசைத்தாள். பக்கத்தில் சிமிழ் இருந்தது.

"பிள்ளை அப்படியே மாமனைக் கொண்டிருக்கு," என்றாள் மாமியார். "இருட்டுல தேடணும்னா சிரிக்கவெச்சுத்தான் தேடணும்."

பெண்கள் சிரித்தார்கள். பூரணத்துக்குப் பக்கத்தில் தொட்டிலை இறக்கிவைத்து நின்ற நல்லபெருமாளும் சிரித்துவைத்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டிலில் இடுவதற்கு முன் கண்ணேறு படாமலிருக்கக் குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பார்கள். வீட்டுக்காரர்கள் வைக்கக் கூடாது. வெளியிலிருந்து வந்த ஒருத்திதான் வைக்க வேண்டும்.

"வந்ததுக்கு நீங்களே வெச்சுடுங்கம்மா," என்று மாமியார் மைச்சிமிழை நீட்டினாள்.

வெயிலம்மை குழந்தைக்கு எதிரே உட்கார்ந்தாள். மைச்சிமிழை வாங்கித் தரையில் வைத்தாள். பூரணத்தின் பக்கத்தில் இருந்த வெள்ளைச் சிமிழைத் திறந்து அதில் விரலைத் தோய்த்தாள்.

"அதான் சரி!" என்றாள் மாமியார். "அம்மாவுக்கு விவரம் தெரிஞ்சிருக்கு. இப்பவே பூச ஆரம்பிச்சாத்தான் நிறம் பிடிக்கும்."

வெள்ளை தோய்ந்த விரல் குழந்தையின் கன்னத்தை நோக்கிப் போனது.

செம்பைத் தூக்க முடியாத பூரணம் இரண்டு கையாலும் வெயிலம்மையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்மா. பச்சைத் தோலு. தாங்காது."

"உனக்குத் தாங்குதே?"

பூரணம் பிடியை விடவில்லை. நெற்றிப் பூச்சில் மெல்லியதாக ஒரு கோடு ஓடி வெடித்தது. குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"நல்ல பிடி," என்றாள் வெயிலம்மை. "விட்டுடாதே. நாளைக்குக் காலையில கண்ணாடி முன்னால உட்காரும்போது உனக்கு வேணும்."

பிறகு விரலைத் தன் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, மைச்சிமிழை எடுத்து, வழக்கப்படியே கறுப்புப் பொட்டு வைத்தாள்.

குழந்தை பாலுக்கு அழுதது. பூரணம் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஈரத்துணி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். முகத்தைத் தொடவில்லை. குழந்தையின் வாய் படும் இடத்தை மட்டும் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"எதுக்குடி அதைப் போய்த் துடைக்கிறே?" என்றாள் மாமியார்.

பூரணம் துணியைத் திருப்பி மடித்து இன்னொரு முறை துடைத்தாள்.

குன்றுக்குத் திரும்பும் வழியில் நல்லபெருமாள் அவள் பின்னால் நடந்தான். உப்பளம் தாண்டியதும் கேட்டான்.

"முகத்தைத் துடைக்கலையேம்மா."

"பிள்ளைக்குப் பசிக்கிற இடத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கா. முகத்துக்கு மெதுவா வரட்டும்."

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள். அவனுக்கு அந்த விரல் கண்ணை விட்டுப் போகவில்லை.

"அவ பிடிக்காம விட்டிருந்தா?"

வெயிலம்மை நின்றாள். அவனுடைய கைகளைப் பார்த்தாள். காலையில் தொட்டிலைச் சுமந்துபோன கைகள். ஒரு வருஷமாகச் சுட்டிக்காட்டியும், கண்ணாடி நீட்டியும் ஓய்ந்துபோன கைகள்.

"அவளுக்குப் பக்கத்துல நீதானே நின்னே? நீ பிடிச்சிருக்க மாட்டியா?" என்றாள்.

நல்லபெருமாள் தன் கைகளைக் குனிந்து பார்த்தான்.