மூன்று பேர் அளந்த ஜன்னல்

"பிள்ளை விழாத ஜன்னல் எது, சிஸ்டர்? அதை மட்டும் சொல்லுங்க. மத்தது எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் கேட்டாச்சு."

பெனிட்டா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இடுப்பில் ஆல்வின் நெளிந்துகொண்டிருந்தான்.

சிஸ்டர் லூர்து பால்வாடிப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கான்வென்ட்டில் பெனிட்டாவுக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவர். இப்போது எது ஒன்றென்றாலும் பெனிட்டா ஓடி வருவது அவரிடம்தான். குரு சிஷ்யையை அக்கா என்றே கூப்பிடுவார்.

"உட்காருங்க அக்கா."

"உட்கார நேரமில்ல. நாலு மணிக்கு ஆள் வாரான்."

"என்ன ஆள்?"

"ஜன்னல் ஆள்! உப்புக் காத்து கிரில்லைத் தின்னுட்டு. செவ்வாய்க்கிழமை குறுக்குக் கம்பி ஒண்ணு என் கையோட கழண்டு வந்துட்டு. முந்தின நாள்தான் இவன் அதே கம்பியில ஏறி நின்னான். ரெண்டாவது மாடி, சிஸ்டர். ரெண்டரை வயசு."

ஆல்வினை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"மூணு பேர் வந்து அளந்தானுவ. ஒரே ஜன்னல், மூணு அளவு! ஒருத்தன் சுவருக்கு உள்ள அளக்கான். ஒருத்தன் வெளிய அளக்கான். இன்னொருத்தன் சிமெண்டுப் பூச்சையும் சேத்து அளக்கான். கேட்டா, 'சதுர அடி ரேட்டைப் பாருங்க மேடம், அளவை எங்ககிட்ட விட்டுருங்க'ங்கான்."

சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சிரிக்காதீங்க. அலுமினியத்துல ஸ்லைடிங்னு ஒண்ணு. தள்ளினா பாதிதான் திறக்கும். காசு மட்டும் முழு ஜன்னலுக்கு. மீதிப் பாதி என்ன, கோயிலுக்கு நேர்ந்து விட்டதான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"அப்போ யுபிவிசின்னு பிளாஸ்டிக் ஜன்னல் போடுங்க, ஒன்றரை மடங்குன்னான். எல்லாரும் முதல்ல கேக்கது ஒரே கேள்விதான். 'பிள்ளை இருக்கிற வீடா மேடம்?' ஆமான்னு சொன்ன உடனே ரேட்டு ஏறுது. வெக்கங்கெட்டவனுவ."

"கடைசியில?"

"கடைசியில முழுக் கண்ணாடி. திறக்கவே திறக்காது. சுவரோட சுவரா அடைச்சிரச் சொல்லிட்டேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போயிருவேன்."

சிஸ்டர் ஆல்வினைப் பார்த்தார்.

"இவன் எதுக்கு ஏறுதான்?"

"எதுக்கா? சேட்டை! முக்காலியை ஒளிச்சு வச்சா, பக்கெட்டை இழுத்துட்டு வாரான்."

சிஸ்டர் கடைசிப் பாயைச் சுவரில் சாய்த்தார். குடையை எடுத்தார்.

"நடங்க."

*

வீட்டில் ஜன்னல் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டியிருந்தது. அறை வெந்துகொண்டிருந்தது.

சிஸ்டர் முடிச்சை அவிழ்த்தார். கதவுகளை அகலத் திறந்தார்.

"சிஸ்டர்!"

"நான் இங்கதான இருக்கேன்."

பிறகு ஜன்னலைப் பார்த்தபடி மொசைக் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பெனிட்டாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார்த்தினார். ஆல்வின் இடுப்பிலிருந்து இறங்கி நின்றான்; இப்போது அவன் தலையும் அவள் தலையும் ஏறக்குறைய ஒரே உயரம்.

கண்ணுக்கு நேரே வெள்ளையடித்த சுவர். அதற்கு மேலே ஒரு துண்டு வானம். வானத்தில் ஒன்றுமில்லை.

"இப்ப என்ன செய்யணும்?"

சிஸ்டர் எதிரே இருந்த சுவரைக் கண்ணால் காட்டினார்.

"ஜெபம் சொல்லணுமா?"

சிஸ்டர் தலையசைத்து மறுத்தார். நேரம் போனது. பெனிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு ஆள் வருவான். இங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

அப்போதுதான் தெருவில் சத்தம் கேட்டது.

"ஏலே, அது ஆட்டோவுக்குள்ள ஏறிட்டுல!"

"இறக்குல!"

"இறங்க மாட்டேங்குது. சீட்ல சாஞ்சு உக்காந்துட்டு!"

"அப்ப மீட்டரைப் போடு!"

தெருவே சிரித்தது. பெனிட்டா எழுந்தாள். சிஸ்டரின் கை அவள் தோளை அழுத்தியது.

"உட்காருங்க அக்கா."

"என்னன்னு பாத்துட்டு..."

"உட்காருங்க."

"ஏ, தாடியைப் புடிச்சு இழுக்காதல, கோவப்படுது!" என்றது கீழே ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு. யாரோ கைதட்டினார்கள்.

"விடுங்க சிஸ்டர்! எல்லாரும் பாக்காங்க. நான் மட்டும் சுவத்தைப் பாத்துட்டு இருக்கணுமா? என்ன அநியாயம் இது? தலையை நீட்டி ஒரு தடவை பாத்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போவுது?"

திமிறினாள். சிஸ்டர் பிடியை விடவில்லை. ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. சிரிப்பு தெருமுனை வரை போய்த் தேய்ந்தது.

"போயிட்டு," என்றாள் பெனிட்டா. அழுகை வருகிற மாதிரி இருந்தது. "என்னன்னே தெரியாமப் போயிட்டு."

சிஸ்டர் கையை எடுத்துக்கொண்டார்.

பெனிட்டா தன்னைப் பார்த்தாள். முழங்காலில் நின்றிருந்தாள். இரண்டு கைகளும் கிரில்லின் கீழ்க் கம்பியைப் பிடித்திருந்தன. உள்ளங்கை முழுக்கத் துரு.

பக்கத்தில், மூச்சு வாங்க, ஆல்வின் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

காலிங் பெல் அடித்தது.

*

ஜன்னல்காரன் சுடலைமணி டேப்போடு வந்து நின்றான். மூவரில் பூச்சையும் சேர்த்து அளந்தவன்.

"முழுக் கண்ணாடிதான மேடம்? கடைசியா ஒருக்கா அளந்துக்கிடுதேன்."

"கண்ணாடி வேண்டாம். கம்பி போடணும். எல்லாம் நெட்டுக்கம்பி, ஒரு குறுக்குக் கம்பி இருக்கக் கூடாது. நடுவுல இவன் தலை போகக் கூடாது. கதவு ரெண்டும் முழுசாத் திறக்கணும்."

"செஞ்சிரலாம் மேடம். மேல இருந்து அளக்கட்டுமா, கீழ இருந்தா?"

அவள் அவன் கையிலிருந்த டேப்பின் நுனியைப் பிடுங்கினாள். ஆல்வினைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினாள். நுனியை அவன் மோவாய்க்கு நேரே சுவரில் வைத்து அழுத்தினாள்.

"இங்கேருந்து."

சுடலைமணி குனிந்து பார்த்தான். சிஸ்டரைப் பார்த்தான். அவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மேடம், அங்க ஜன்னல் இல்லையே. சுவருல்லா இருக்கு."

"இடிங்க," என்றாள்.